கொழும்பில் உங்களுக்குப் பொருந்தும் சிபிடி சிகிச்சையாளரைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தீராத யோசனை, காரணமில்லாத நெஞ்சுப் படபடப்பு, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயம், நித்திரை வராத இரவுகள். இவற்றில் ஏதோ ஒன்றுக்காக ஒரு டொக்டர் உங்களிடம் "சிபிடி செய்து பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அதைக் கொழும்பில் யார் செய்கிறார், தமிழில் செய்கிறாரா, அவரை நம்பலாமா என்ற கேள்விகளோடு பலர் மாதக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிபிடி என்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காக உருவாக்கி, பின்னர் பல பிரச்சினைகளுக்கும் விரிந்த முறை. மனதில் ஓடும் எண்ணம், அதனால் எழும் உணர்ச்சி, உடம்பு காட்டும் மாற்றம், நாம் செய்யும் அல்லது தவிர்க்கும் காரியம் ஆகிய நான்கும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு சுற்றுகின்றன. எண்ணத்தையும் செயலையும் பிடித்து அந்தச் சுற்றை உடைப்பதுதான் வேலை. பொதுவாகக் கிழமைக்கு ஒரு அமர்வு, 45 முதல் 60 நிமிடம், பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுகள். இடைப்பட்ட நாட்களில் வீட்டில் செய்யும் பயிற்சியும் உண்டு. பேசி மனப்பாரத்தை இறக்குவதோடு இது முடிவதில்லை.

ஆகவே தேடும்போது இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள் நடப்பது உண்மையில் சிபிடிதானா? அது உங்கள் மனம் பேசுகிற மொழியில் நடக்கிறதா? மற்ற எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

படி 1: தேடுவதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

"எனக்கு டிப்ரெஷன்" என்றோ "டென்ஷன்" என்றோ எழுத வேண்டாம். என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, அதனால் எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், மூன்று மாதத்தில் என்ன செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதுங்கள். "வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டுகிறது, அதனால் தினமும் த்ரீவீலுக்குக் காசு செலவழிக்கிறேன், மறுபடியும் பஸ்ஸில் கோட்டைக்குப் போக வேண்டும்" என்று எழுதினால், நல்ல சிகிச்சையாளர் அதிலிருந்தே வேலையை ஆரம்பிப்பார்.

இந்தப் பக்கம் உங்களுக்கும் வழி காட்டும், ஏனென்றால் சிபிடி ஒரே மாதிரியான ஒரு சிகிச்சை இல்லை. திடீர்ப் பயத் தாக்குதலுக்கு, படபடப்பையும் மூச்சு வாங்குவதையும் வேண்டுமென்றே வரவழைத்து, அதனால் ஆபத்து இல்லை என்று உடம்புக்கே பழக்குவார்கள். மூச்சுப்பயிற்சியையும் தளர்வுப் பயிற்சியையும் மட்டும் தந்து அனுப்பினால் பாதி சிகிச்சை வரவில்லை என்று அர்த்தம். காஸ் சிலிண்டரை இருபது தடவை பார்ப்பது, கையைத் தோல் உரியக் கழுவுவது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.), பயத்தைத் தூண்டுவதை எதிர்கொண்டு, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி தேவை. அந்த நோய்க்கு "ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொல்வது நோயை வளர்த்துவிடும். மனச்சோர்வில் எண்ணங்களைத் தொடுவதற்கு முன்பே, கைவிட்ட காரியங்களை நாளுக்குக் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவருவார்கள். நித்திரையின்மைக்குத் தனியான சிபிடி முறை ஒன்று உண்டு. அதில் கட்டிலில் படுத்திருக்கும் நேரத்தையே முதலில் குறைக்கச் சொல்வார்கள்.

உங்கள் பிரச்சினை இதில் எது என்று ஓரளவு தெரிந்தால், "இதற்கு நீங்கள் எந்த முறையில் வேலை செய்வீர்கள்?" என்று கேட்க முடியும்.

சிபிடிக்கு முன் வேறு உதவி தேவைப்படும் நிலைமைகளும் உண்டு. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற உறுதியான நம்பிக்கை, பல நாள் நித்திரையே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், சாப்பாடு தண்ணீர் இல்லாமல் முடங்கிப்போவது போன்றவற்றுக்கு முதலில் மனநல வைத்தியர். தைரொயிட் கோளாறும் இரத்தசோகையும் மனச்சோர்வு மாதிரியும் படபடப்பு மாதிரியும் வேடம் போடும். குடும்ப டொக்டரிடம் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது வீண் வேலை இல்லை.

உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இந்தத் தேடலை ஒதுக்கிவைத்துவிட்டு இப்போதே 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலக்கம் அது. 1333 என்ற இலவச ஆலோசனை இலக்கமும் உண்டு. ஆபத்து உடனடியானது என்றால் 1990 அம்புலன்ஸ், அல்லது பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றம் இல்லை. பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் முதல் தேவை பாதுகாப்பு: பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

படி 2: யார் யார் என்று பிரித்துப் பாருங்கள்

மனநல வைத்தியர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டொக்டர். மருந்து எழுதுவார். சிலர் சிபிடியும் செய்வார்கள். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் மாலை நேரத்தில் சனல் பண்ணிப் பார்க்கும் பத்து நிமிடத்தில் சிபிடி நடக்காது. அது நோயைக் கண்டறிந்து மருந்து தீர்மானிக்கிற நேரம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "டொக்டர், இதற்கு சிபிடி செய்யக்கூடிய, தமிழ் பேசக்கூடிய ஒருவரிடம் என்னை அனுப்ப முடியுமா?" என்பது. அந்த ஒரு வரியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் மறந்துவிடும்.

மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சைதான் அவருடைய முழுநேர வேலை. கொழும்புப் பல்கலைக்கழகம் இத்துறையில் முதுதத்துவமாணிப் பட்டம் வழங்குகிறது. வெளிநாட்டில் படித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, பதிவிலக்கத்தையும் கேளுங்கள். இது அவமரியாதையான கேள்வி இல்லை. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார்.

உளவளத்துணையாளர், அதாவது கவுன்சிலர், என்ற பெயருக்குள் பல தரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் படித்து மேற்பார்வையில் வேலை செய்கிற அருமையானவர்களும் உண்டு, சில வார இறுதிகளில் சான்றிதழ் எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டியவர்களும் உண்டு. டொக்டராக வேலை செய்யப் பதிவு கட்டாயமாக இருப்பதுபோல் இங்கே இல்லை. அதனால் பட்டத்தின் பெயரைவிட, "சிபிடியை எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள்? யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைத்தான் நான் பெரிதாக எடுப்பேன். "எல்லா முறையும் கலந்து செய்வேன்" என்று மட்டும் சொன்னால், உங்கள் பிரச்சினையைச் சொல்லி ஒரு உதாரணம் கேளுங்கள்.

படி 3: தேடும் இடங்கள்

காசு பிரச்சினை என்றால் அரசாங்கத்தில் தொடங்குங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில போதனா வைத்தியசாலை, அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகம் ஆகியவற்றில் மனநல கிளினிக் இலவசம். பிள்ளைகளுக்கு பொரளை லேடி ரிட்ஜ்வே. அடையாள அட்டையும் பழைய மருந்துச் சீட்டுகளும் கொண்டு காலையிலேயே போங்கள். முதல் நாள் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டி வரும். கிளினிக் கொப்பி கிடைத்ததும், பேச்சு வழிச் சிகிச்சைக்கு யாராவது இருக்கிறார்களா என்று நீங்களாகவே கேளுங்கள். கேட்காமல் அது கிடைப்பது அரிது. அங்கொடை என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெயரோடு ஒட்டிய பழைய வசையை நம் தலைமுறையோடு விட்டுவிட வேண்டும். நாட்டின் தலைமை மனநல நிறுவனம் அது.

தனியாரில் சனலிங் செயலிகளில் பெயர் தேடலாம், கொழும்பு 3 முதல் 7 வரை உள்ள ஆலோசனை நிலையங்களுக்கு போன் எடுத்துக் கேட்கலாம். பல்கலைக்கழக உளவியல் துறையில் தெரிந்தவர் இருந்தால் கேளுங்கள், யார் நன்றாகச் செய்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சுமித்ரயோவும் பலருக்குத் துணையாக இருக்கிறது. தீர்ப்பு சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பதற்குப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தருவது நட்புத்துணை, சிகிச்சை இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் செய்கிறவர் கொழும்பில் கிடைக்காவிட்டால் வீடியோ வழியாக வெளியே தேடுங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தேடலாம், சென்னையிலும் தேடலாம். சென்னைக்கும் நமக்கும் நேர வித்தியாசம்கூட இல்லை. நாட்டுக்கு வெளியே இருப்பவர் என்றால் முதல் அமர்விலேயே ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: நிலைமை மோசமானால் கொழும்பில் யாரைத் தொடர்புகொள்வது? அந்தப் பெயரும் இலக்கமும் அவரிடமும் இருக்க வேண்டும், உங்களிடமும் இருக்க வேண்டும்.

படி 4: மொழியும் பின்னணியும்

தமிழ் பேசுகிறவர்கள் இந்த நகரத்தில் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். நன்றாக ஆங்கிலம் பேசுகிற ஒருவர், ஆங்கிலத்திலேயே சிகிச்சை எடுத்தால் போதும் என்று முடிவெடுக்கிறார். அலுவலகக் கதையைச் சொல்ல அது போதும். ஆனால் சிபிடி பிடிக்கப் பார்ப்பது, ஒரு நொடியில் மனதில் பாய்ந்து போகும் எண்ணத்தை. "எனக்கு ஏலாது", "நாலு பேர் என்ன சொல்லுவாங்க", "அம்மாவுக்கு நான்தான் பாரம்" என்று அது பிறந்த மொழியில்தான் வரும். ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொல்வதற்குள் அதன் சூடு ஆறிவிடும். அழுகையும் வராது, மாற்றமும் மெதுவாகத்தான் வரும்.

தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காமல், திறமையான ஒருவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் செய்கிறார் என்றால் அதற்காக விட்டுவிட வேண்டாம். மனதில் ஓடும் எண்ணங்களை வீட்டில் குறித்துவைக்கும் எண்ணப் பதிவேட்டைத் தமிழில் எழுதலாமா என்று கேளுங்கள். அமர்வில் அந்த வரியைத் தமிழிலேயே வாசித்துவிட்டுப் பிறகு விளக்குங்கள். இதற்கு இடம் கொடுக்காதவர் வேறு பல விஷயங்களிலும் இடம் கொடுக்க மாட்டார். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அண்ணனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போவது. சொல்ல வேண்டியதில் பாதி அவர்களுக்கு முன்னால் சொல்ல முடியாததாகத்தான் இருக்கும்.

பின்னணியும் அதே அளவு முக்கியம். துடக்கு, தீட்டு, கோயிலுக்கு முழுகிவிட்டுப் போவது, தொழுகைக்கு முன் வுழூ செய்வது எல்லாம் நம் வாழ்க்கையில் இயல்பானவை. எண்ணச் சுழற்சி நோய் இவற்றுக்குள் புகுந்துகொண்டால், எது மார்க்கம், எது நோய் என்று பிரிக்கத் தெரிந்த சிகிச்சையாளர் வேண்டும். தனக்குத் தெரியாவிட்டால் "உங்கள் மௌலவியிடமோ குருக்களிடமோ சாதாரணமாக எவ்வளவு போதும் என்று கேட்டு வாருங்கள்" என்று சொல்லும் பணிவாவது இருக்க வேண்டும். சாமியை விட்டுவிடு என்பவரும் வேண்டாம், கூடுதலாகக் கும்பிடு என்பவரும் வேண்டாம்.

1983ஐ இந்த நகரத்தில் பார்த்தவர்கள், வன்னியிலிருந்து 2009க்குப் பிறகு வந்தவர்கள், 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையில் உறவை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நினைவுகள்தான் பிரச்சினை என்றால், பேரதிர்ச்சிக்கான சிபிடியில் தனிப் பயிற்சி எடுத்தவரா என்று கட்டாயம் கேளுங்கள். எதிரே இருப்பவர் எந்த இனம், என் கதையை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தயங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தயக்கத்தை வாய்விட்டே சொல்லிப் பாருங்கள். அதை அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதில் உங்களுக்குத் தேவையான பதில் கிடைக்கும்.

படி 5: பதியும் முன் கேளுங்கள்

இரண்டு மூன்று பெயர்கள் கையில் வந்ததும் போன் எடுங்கள் அல்லது வட்ஸ்அப் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் மிஸ். எனக்கு 29 வயது. நாலு மாதமாக பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டுகிறது, வேலைக்குப் போவது கஷ்டமாக இருக்கிறது. சிபிடி முறையில் சிகிச்சை எடுக்க விரும்புகிறேன். இந்தப் பிரச்சினைக்கு நீங்கள் சிபிடி செய்வீர்களா? தமிழில் செய்ய முடியுமா? ஒரு அமர்வு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், வர முடியாவிட்டால் எவ்வளவு நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்?"

கட்டணத்தைக் கேட்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டணம் தனியா என்றும் கேளுங்கள். முழுத்தொகை கட்ட முடியாவிட்டால் அதையும் நேரடியாகச் சொல்லலாம். சிலர் குறைத்துக்கொள்வார்கள், சிலர் மேற்பார்வையில் பயிலும் மாணவ சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். முதல் நாலைந்து அமர்வைக் கிழமைக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்றாக்குவதும் நல்ல வழிதான். ஆரம்பத்திலேயே மாதத்துக்கு ஒன்று என்றால் வேகம் பிடிக்காது.

இந்த நகரத்தில் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. தமிழ் வட்டம் சிறியது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் நிலையத்தின் வாசலில் தெரிந்த மாமி ஒருவர் எதிர்ப்படலாம், சிகிச்சையாளரே அத்தை மகளின் சிநேகிதியாக இருக்கலாம். வீடு ஒரு பகுதி, சிகிச்சை வேறு பகுதி என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை. உறவுக்காரரிடமும் குடும்ப நண்பரிடமும் சிகிச்சை எடுக்கக் கூடாது. நல்ல சிகிச்சையாளர் தானாகவே மறுத்துவிடுவார். வீடியோ என்றால் சுவர் மெல்லிய வீட்டில் எங்கே உட்காருவது என்று முன்கூட்டியே யோசியுங்கள். நிறுத்திய காருக்குள் இருந்தும், ஒரு சிநேகிதியின் வீட்டிலிருந்தும் பேசலாம்.

படி 6: முதல் அமர்வுகளில் கவனிக்க வேண்டியவை

முதல் ஒன்றிரண்டு தடவை கேள்விகள்தான் அதிகமாக இருக்கும். பி.எச்.கியூ-9, ஜி.ஏ.டி-7 போன்ற சிறு வினாக்கொத்துகளைத் தரலாம். முதலாவது மனச்சோர்வை 0 முதல் 27 வரையும், இரண்டாவது பதற்றத்தை 0 முதல் 21 வரையும் அளக்கும். சில கிழமைகள் கழித்து அதே தாளைத் திரும்பத் தந்து ஒப்பிட்டால், அவர் வேலையை அளந்து செய்கிறவர் என்று தெரியும். இரகசியம் எங்கே காக்கப்படும், எந்த ஆபத்தில் மட்டும் மீறப்படும் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் அமர்வுக்குள் உங்கள் பிரச்சினை எப்படிச் சுற்றுகிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்ட வேண்டும். அதைப் பார்க்கும்போது "ஓம், இது நான்தான்" என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். ஒவ்வொரு அமர்வும் இன்று எதைப் பேசுவோம் என்று தொடங்கி, வீட்டில் என்ன செய்வீர்கள் என்று முடியும். போன கிழமை தந்த பயிற்சியை அடுத்த தடவை அவர் கேட்கவே இல்லை, மூன்று அமர்வாக வெறும் கதை மட்டும் போகிறது என்றால், வாயில் சிபிடி என்று சொன்னாலும் நடப்பது அது இல்லை.

உடனே எழுந்து வர வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. கல்யாணம் கட்டினால் சரியாகிவிடும் என்பவர், டொக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவர், நீங்கள் சொன்னதை உங்கள் பெற்றோரிடம் ஒப்புவிப்பவர், மூன்றே அமர்வில் முழுக் குணம் என்று உறுதி தருபவர், தொடுகையிலோ பேச்சிலோ எல்லை மீறுபவர், மற்ற நோயாளிகளின் கதையைப் பெயரோடு சொல்பவர். இவர்களிடம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கத் தேவையில்லை. மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ எழுதித் தந்த வைத்தியருடன் பேசிச் செய்ய வேண்டியது.

படி 7: நாலாவது அமர்வில் நின்று பாருங்கள்

கஷ்டமாக இருப்பது வேறு, பொருந்தாமல் இருப்பது வேறு. பயந்ததை எதிர்கொள்ளும் பயிற்சி தொடங்கினால் சில நாள் பதற்றம் கூடத்தான் செய்யும். "போக மனமில்லை, ஆனால் போனால் ஏதோ நகர்கிறது" என்றால் தொடருங்கள். "அவர் முன்னால் பொய் சொல்கிறேன், அவர் என்ன நினைப்பாரோ என்று பயிற்சி செய்ததாகக் காட்டிக்கொள்கிறேன்" என்றால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

டொக்டரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் சிபிடியில் உங்கள் கருத்தும் சிகிச்சையின் ஒரு பகுதி. "மிஸ், போன கிழமை தந்தது எனக்குப் புரியவில்லை", "இவ்வளவு வேகம் எனக்கு ஏலாது" என்று சொல்லுங்கள். நல்லவர் அதைக் கேட்டுத் திட்டத்தை மாற்றுவார். மாற்றாமல் உங்களையே குறை சொன்னால், நன்றி சொல்லி விலகலாம். அதில் துரோகம் ஒன்றும் இல்லை. போகும்போது இதுவரை செய்ததைச் சுருக்கமாக ஒரு கடிதத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்தவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டியிருக்காது.

பொருந்திவிட்டார் என்றால், முடிவை எப்படித் தீர்மானிப்பது என்று பாதி வழியிலேயே பேசிவையுங்கள். கடைசி சில அமர்வுகளை மாதத்துக்கு ஒன்றாகத் தள்ளிவைத்து, பிரச்சினை திரும்ப எட்டிப்பார்த்தால் என்ன அறிகுறி முதலில் தெரியும், அன்றைக்கு எந்தப் பயிற்சியைத் தொடங்குவது, எத்தனை நாள் பார்த்துவிட்டு அவருக்கு போன் எடுப்பது என்று ஒரு தாளில் இருவருமாக எழுதிக்கொள்ளுங்கள். அதையும் தமிழில் எழுதுங்கள்.